அந்த ஈயத்துண்டு எங்கே கிடந்தது?

"படிப்பில்லை, பதவியில்லை, என் பேச்சு எங்கே எடுபடப்போகிறது?" என்று ஒடுங்கிக் கிடக்கிறாயா, தம்பி? தங்கையே, நீயுமா? அப்படியானால் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஒரு புல்மேட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

1876 ஜூன் 25. லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. பூர்வகுடிகளான லகோட்டா, செயென் மக்களைத் தாக்க வந்த அமெரிக்க ராணுவத் தளபதி கஸ்டரும், அவருடன் நின்ற இருநூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்களும் ஒருவர் மிச்சமில்லாமல் மடிந்தார்கள். கடைசி மூச்சுவரை அந்தச் சிப்பாய்கள் அணி குலையாமல் நின்றார்கள் என்று ஓவியர்கள் படம் படமாக வரைந்து தள்ளினார்கள். களத்தில் நின்ற பூர்வகுடிகள் பலர் வேறு கதை சொன்னார்கள்: அணி உடைந்தது, சிப்பாய்கள் கலங்கினார்கள், சண்டை சீக்கிரமே முடிந்தது. வென்றவர்கள் சொன்ன அந்தச் சாட்சியத்துக்கு நூறு ஆண்டுகளாக உரிய மதிப்பே கிடைக்கவில்லை.

1983 ஆகஸ்டில் அந்தப் போர்க்களத்தில் தீப்பிடித்துப் புல் எரிந்தது, தரை தெரிந்தது. அடுத்த ஆண்டு டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் ஆய்வில் இறங்கினார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது யார் தெரியுமா? பொழுதுபோக்காக மெட்டல் டிடெக்டரோடு திரிந்த சாதாரண மனிதர்கள்! புதையல் தேடிகள் என்று தொல்லியல் உலகம் அவர்களைப் பார்த்து முகம் சுளித்த காலம் அது.

வரிசைகட்டி நடந்தார்கள். கருவி ஒலித்த இடத்தில் சின்னக் கொடி நட்டுவிட்டு நகர்ந்தார்கள். அடுத்த குழு மண்ணைப் பதமாக விலக்கி, பொருளைக் கிடந்தபடியே விட்டது. மூன்றாவது குழு இடத்தையும் ஆழத்தையும் கிடந்த திசையையும் அளந்து எழுதி, எண் கொடுத்த பிறகே கையில் எடுத்தது.

அப்புறம் அங்கே கிடைத்த ஈயக்குண்டுகளும் தோட்டாக் கூடுகளும் பேசத் தொடங்கின. குண்டின் விட்டம் 11.6 மில்லிமீட்டர், எடை சுமார் 26 கிராம், பக்கவாட்டில் குழலின் மூன்று வரித்தடங்கள் என்றால் அதைச் சுட்டது சிப்பாய்களிடம் இருந்த வகை ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி. தோட்டாக் கூட்டின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு குத்துத்தடங்கள் என்றால் ஹென்றி அல்லது 1866 வின்செஸ்டர். பூர்வகுடி வீரர்களிடம் இருந்த தொடர்சுடு துப்பாக்கிகள். கூட்டைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி, ஒவ்வொரு துப்பாக்கியிலும் தன் தடத்தைத் தனியாகப் பதிக்கிறது. ஒரே துப்பாக்கியின் கூடுகள் எங்கெங்கே விழுந்தன என்று கோடிழுத்தால், அதை ஏந்தியவன் நகர்ந்த பாதையே கிடைத்துவிடுகிறது! அந்தக் கோடுகளை வைத்துத்தான் ஃபாக்ஸ் எழுதினார்: அணி குலைந்தது உண்மை, பூர்வகுடிகள் சொன்னதை நம்பியாக வேண்டும் என்று.

நினைத்துப் பார். அந்தக் குண்டுகளை நினைவுப்பொருளாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால்? வெறும் ஈயம். இடம் எழுதப்பட்டதால் அது சாட்சி. ஒரு நூற்றாண்டுப் பெருமிதத்தை அசைத்தது பீரங்கியல்ல, பென்சிலும் அளவுநாடாவும்!

உன்னிடம் அவை இல்லையா? கூர்ந்து பார்க்கும் கண்ணும் பொறுமையாக எழுதும் கையும் எந்தப் பட்டத்தோடும் வருவதில்லை. அவை நீயே வளர்த்துக்கொள்ளும் சொத்து. ஏளனம் செய்பவன் செய்துகொண்டே இருக்கட்டும். நீ அளந்து எழுதியதை வாய்ச்சவடால் அழிக்காது.

மெட்டல் டிடெக்டரோடு நீயும் தேடலில் இறங்குவாயானால் அனுமதியில்லாத மண்ணில் தோண்டாதே. வெடிக்காத தோட்டா கண்ணில் பட்டால் தொடாதே, காவல்துறைக்குச் சொல். ஈயத்தின் மேல் படிந்த வெள்ளைப் படலத்தைச் சுரண்டாதே. வரித்தடம் அதோடு போய்விடும். வேறு எந்தத் துறையில் நின்றாலும் சரி, இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் திற. தேதி, இடம், அளவு மூன்றையும் எழுதாமல், உன் கைக்குக் கிடைத்த எதையும் பையில் போடாதே!