கரை எதுவரை?

கடற்கரை என்பது எதுவரை? நமக்கு விளையாட்டாகத் தோன்றும் இவ்வினா, லாப்ரடார் எல்லை வழக்கில் ஒரு பெருநிலத்தின் உரிமையையே தீர்மானித்தது.

1763இல் பிரிட்டிஷ் அரசு லாப்ரடார் கரையை நியூஃபவுண்ட்லாந்து ஆளுநரின் பொறுப்பில் விட்டது. மீன்பிடிப்புக்காகத் தரப்பட்ட ஒரு மைல் அகலத் துண்டே அது என வாதிட்டது கனடா; அப்பாலுள்ள நிலத்தைக் கியூபெக் மாகாணம் தனதென்றது. கடலில் கலக்கும் ஆறுகள் பிறக்கும் மேட்டுநிலம் வரை கரைதான் என்றது நியூஃபவுண்ட்லாந்து. 1902இல் அது மரம் வெட்ட அளித்த உரிமத்தால் மூண்ட பூசல் இலண்டன் பிரிவி கவுன்சிலை அடைந்து, 1927இல் நியூஃபவுண்ட்லாந்தின் வெற்றியாக முடிந்தது. மரம் இல்லையேல் ‘கரை’ என்ற சொல்லுக்குப் பொருள் தேடியிருப்பார்களோ என்னவோ!

தீர்ப்பில் சட்டக் குறை காண நாம் முற்படவில்லை; கேட்ட வினாவுக்கு விடை தந்தார்கள். ஆனால், அம்மேட்டின் இருமருங்கிலும் கரிபு மான் கூட்டங்களைப் பின்தொடர்ந்து வாழ்ந்த இன்னு மக்கள் அவ்வழக்கில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர். குடியிருப்போரை அழையாமல், வழக்காடிய இருவருக்கிடையே நிலத்தை நேர்மையாகப் பங்கிட்டால் அது நீதியாகிவிடுமா? முறையான தீர்ப்பு என்போம். நீதி என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

1949இல் நியூஃபவுண்ட்லாந்தும் கனடாவின் மாகாணமாயிற்று. இன்னு மக்களோ, கோட்டின் இருபுறமும் வெவ்வேறு மாகாண அரசுகளிடம் தம் நிலத்தைக் கேட்டு நிற்க நேர்ந்தது.