கருவிக்குக் குற்றம் உண்டா?

எந்தச் சரக்கைக் கண்டாலும், "இதில் எது நயம், எது மட்டம்?" என்று கேட்பது வியாபாரிகளாகிய நமக்குப் பழக்கம். "இது வேண்டுமா?" என்ற கேள்வி பின்னால்தான் வருகிறது, சில வேளை வராமலே போய்விடுகிறது.

அண்மையில் பினாங்கில் நாகூர்க்காரத் தம்பி ஒருவரின் கடைக்குச் சென்றிருந்தோம். மொத்த வியாபாரி ஒருவர் தந்த விலைப்பட்டியலை நீட்டி, "நானா, இதில் எதை வாங்கிப் போடலாம்?" என்று கேட்டார். உலர்ந்த இலையைக் கொளுத்தாமல் சூடாக்கி, எழும் ஆவியை உறிஞ்சுவதற்கான கைக்கருவிகள் அவை. "அன்றாட உபயோகத்துக்கு ஏற்றவை" என்று பட்டியலில் அச்சிட்டிருந்தது.

முதலில் வியாபாரியாகவே பார்ப்போம். இக்கருவிகள் இருவகை. ஒன்றில் இலை சூடான கிண்ணத்தின் சுவரைத் தொட்டு வேகிறது. அது சீக்கிரம் சூடாகும். ஆனால் ஓரத்து இலை கருகும், நடு இலை பச்சையாக நிற்கும். மற்றதில் சூடான காற்று இலையின் ஊடே செல்கிறது. அதில் பக்குவம் சமமாக வரும். அமெரிக்காவின் 'பேக்ஸ்' முதல் வகை; தட்டையானது, பைக்குள் மறையும். ஜெர்மனியின் 'மைட்டி' இரு முறைகளையும் சேர்த்தது, பருமனானது. 'டைனாவாப்' என்பதற்கு மின்கலமே கிடையாது. தீக்கொழுந்தில் காட்டினால், பதம் வந்ததும் அதன் மூடி 'டிக்' என்று ஒலி எழுப்பும்.

இவற்றுக்காகச் சொல்லப்படும் நியாயத்தையும் மறைக்கலாகாது. இலை எரியாதபடி சுமார் 160 முதல் 220 டிகிரி வரையே இவை சூடாக்குகின்றன. 2007-ல் கலிபோர்னியாவில் 18 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில், கஞ்சாவைப் புகைத்தபோது மூச்சில் ஏறிய கரியமில நச்சுவாயு, ஆவியாக இழுத்தபோது மிகக் குறைவாகவே இருந்தது. ஜெர்மனியில் மருத்துவர் சீட்டின்பேரில் இத்தகைய கருவியை உபயோகிக்கும் நோயாளிகளும் உண்டு.

நிற்க. தம்பி அடுத்துக் கேட்டார்: "கத்தி விற்கிறோம். ஒருவன் அதனால் குத்தினால் பாவம் நமக்கா? கருவிக்கு ஏது குற்றம்?"

நல்ல கேள்விதான். கத்தி வாங்குவோர் அனைவரும் காய் நறுக்கவே வாங்குகிறார்கள். குத்துகிறவன் ஆயிரத்தில் ஒருவன். அவன் மனத்தை நாம் அறிய வழியில்லை. ஆனால் இந்தக் கருவியை வாங்குகிறவன் எதை அதில் இடுவான் என்பது விற்பவனுக்குத் தெரியும். புதினாவும் துளசியும் இடலாமே என்பார்கள். புதினாவுக்கு வெந்நீர்க் குவளை போதும். அதற்காக இவ்வளவு பணம் கொடுப்பவர் யார்? ஆகவே குற்றம் இரும்பிலோ மின்கலத்திலோ இல்லை; தெரிந்தும் தெரியாதவர்போல் விற்கும் நம் நெஞ்சில் இருக்கிறது.

"புகையைவிடத் தீங்கு குறைவு" என்பதையும் நிறுத்துப் பார்ப்போம். ஏற்கெனவே புகைப்பவனுக்கு அது ஓர் இறக்கம். ஒருநாளும் புகைக்காத பிள்ளைக்கோ அது முதற்படி. மருத்துவர் ஆளை அறிந்து கொடுக்கிறார். நம் கடை மேசையோ காசை மட்டுமே அறியும். பட்டியல் பெருமையடித்துக்கொள்ளும் குணங்களையும் பாருங்கள்: வாடை குறைவு, பைக்குள் அடங்கும், நொடியில் சூடாகும். இவை யாருடைய கண்ணுக்கும் மூக்குக்கும் தப்புவதற்காக? பெற்றோர்களாகிய நம்முடையவற்றுக்குத்தானே!

"சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்" என்று சிலர் ஒதுங்குவார்கள். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் ஆவிக்கருவிகளை வைத்திருப்பதே குற்றம். மலேசியாவில் 2024 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்த 852-ஆம் சட்டம், 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகைப்பொருள் விற்பதைத் தடுக்கிறது. கஞ்சாவை 1952-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துவிட்டது. கனடாவிலோ 2018 முதல் கஞ்சாவுக்கு அனுமதி உண்டு. எல்லை தாண்டினால் சட்டம் மாறுகிறது. பொருளின் குணம் மாறுவதில்லை.

இந்நாட்டுச் சரித்திரமே சாட்சி. சண்டு எனும் அபின் வியாபாரத்தை 1910-ல் நீரிணைக் குடியேற்ற சர்க்கார் தானே ஏற்று நடத்தியது. அந்த அபினும் எரிக்கப்படவில்லை. விளக்கின் மேல் காட்டிச் சூடாக்கி, ஆவியாகவே இழுக்கப்பட்டது! சிங்கப்பூரிலும் மலாயாவிலும் 1946-ல்தான் தடை வந்தது. அதற்கு முந்திய நாள் வரை அது சட்டப்படியான சரக்கு. அதனால் அது நல்ல சரக்காகிவிட்டதா? எத்தனை கூலியாட்களின் வாழ்வு அந்த விளக்கில் உருகிப்போயிற்று!

இவ்வளவும் சொல்லிவிட்டு நாம் நிமிர்ந்தபோது, தம்பி தம் முதுகுக்குப் பின்னாலிருந்த சிகரெட் அலமாரியைச் சுட்டிக்காட்டினார். வாய் திறக்கவில்லை. நமக்கும் பேச்சு எழவில்லை.

உண்மைதான். மலேசியத் தேசிய ஃபத்வாக் குழு 1995-ல் புகைபிடித்தலையும், 2015-ல் மின்சிகரெட்டையும் ஹராம் என்று அறிவித்தது. பின்னதற்குத் தலையசைக்கும் நாம், முன்னதைக் கல்லாவுக்கு மேலேயே அடுக்கி வைத்திருக்கிறோம். புதிய தீமையைக் கண்டிப்பது எளிது. அதில் நமக்கு இன்னும் லாபம் வரவில்லை. பழைய தீமையில் வாடகைப் பணம் இருக்கிறது.

ஆகவே நயம் மட்டம் பார்க்குமுன் ஒரே ஒரு சோதனை செய்வோமாக: இந்தச் சரக்கை நம் மகன் கையில் நாமே கொடுப்போமா? கொடுப்போம் என்றால் விற்போம். கொடுக்கமாட்டோம் என்றால், அடுத்த வீட்டுப் பிள்ளையும் ஒருவருக்கு மகன்தானே?

தம்பி பட்டியலை மடித்துத் திருப்பியனுப்பினார். சிகரெட் அலமாரியைப் பற்றி, "யோசிக்கிறேன் நானா" என்றார். நாமும் யோசிப்போம். ஹலாலான சம்பாத்தியம் என்பது அளவிலும் நிறையிலும் மட்டும் இல்லை. எதை அளக்கிறோம் என்பதிலும் இருக்கிறது.