கையெழுத்தும் நியாயமும்

ஒருவர் சம்மதித்துக் கையெழுத்திட்டுவிட்டால் மட்டும் வியாபாரம் நியாயமாகிவிடுமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பூமிக்கடியிலுள்ள பாறையில் எரிவாயு உண்டு. 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்பெனிகளின் ஆட்கள் குடியானவர்களிடம் குத்தகைப் பத்திரங்களை நீட்டினார்கள. வாயுவின் மதிப்பை வந்தவர் அறிவார்; நிலத்துக்காரர் அறியார். ஏக்கருக்குச் சொற்பத் தொகை பெற்று முதலில் கையெழுத்திட்டவர்கள், அண்டை நிலத்தார் பின்னர் ஆயிரக்கணக்கில் டாலர் பெறக் கண்டார்கள்.

வருமானத்தில் எட்டில் ஒரு பங்கேனும் நிலத்துக்காரருக்குத் தரவேண்டும் என்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டம். வாயுவைச் சந்தை சேர்க்கும் செலவைக் கழித்தே அப்பங்கைக் கணக்கிடலாமென 2010-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008 கோடையில் பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு 12 டாலரைத் தாண்டிய விலையும் 2012-இல் 2 டாலருக்குக் கீழே இறங்கிற்று.

விலை இறங்குவது எவருடைய வஞ்சகமும் அன்று. தேடியறிந்தவர் லாபம் பெறுவதும் குற்றமன்று. பிறருடைய அறியாமையையே முதலாக்குவதுதான் குற்றம். சந்தை நிலவரம் அறியாது வரும் வணிகரை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்தபின் விற்பனையை முறிக்கவும் உரிமையளித்தார்கள்.

நமக்குத் தெரிந்தது எதிரிலிருப்பவருக்கும் தெரிந்தால் இதே விலைக்கு இசைவாரா? பேனாவை நீட்டுமுன் நம் நெஞ்சைக் கேட்போமாக!