ஏட்டில் ஏறாத வரவு

 

ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கும் வியாபாரிகள் நாம். சரக்கு இவ்வளவு, வரவேண்டிய கடன் இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று ஒரு காசு பிசகாமல் பார்க்கிறோம். ஆனால், அல்லாஹ் நமக்கு அளித்த வசதிகளையும், வைத்த நெருக்கடிகளையும் என்றாவது கணக்குப் பார்த்தோமா?

லாபம் வந்தால் நம் சாமர்த்தியம் என்கிறோம். நஷ்டம் வந்தால் நம் நஸீபு என்கிறோம். செல்வம் பெருகினால் இறைவன் தன்னைக் கண்ணியப்படுத்தினான் என்றும், குறைந்தால் இழிவுபடுத்தினான் என்றும் மனிதன் எண்ணுவதைத் திருமறையின் அல்ஃபஜ்ரு அத்தியாயம் (89: 15, 16) எடுத்துக் காட்டுகிறது. இரண்டுமே சோதனைதான்.

நெருக்கடிகளை நாம் நன்கு அறிவோம்: கடை வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், போதாத படிப்பு. நம் பாட்டன்மாருக்கோ, 1945-ல் ஜப்பானியர் ஆட்சி முடிந்ததும் பெட்டியிலிருந்த வாழைமர நோட்டெல்லாம் வெறுங் காகிதமாயிற்று. இவற்றை நாம் மறப்பதில்லை. மறப்பது வசதிகளைத்தான். கையில் முதல் இல்லாத நாளில், வாப்பாவின் பெயரை நம்பிச் சரக்கைக் கடனாகத் தந்தவர் யார்? கல்லாவில் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லித் தந்தவர் யார்? அந்த வரவு நம் பேரேட்டில் இல்லை.

மதீனாவில் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அதனைப் பெறாமல் கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று முன்னுக்கு வந்தார்கள். அந்த உழைப்பைப் பேசும் நாம், கைகொடுக்க வந்த ஸஅதை மறந்துவிடுகிறோம்.

ரமலானில் கடைவாசலுக்கு வருவோருக்குச் சில்லறை கொடுத்துவிட்டால் ஜக்காத்து தீர்ந்துவிடுமா? விற்பனைச் சரக்கும் ரொக்கமும் சேர்ந்து 20 மித்கால், அதாவது ஏறத்தாழ 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டி, ஒரு சந்திர ஆண்டு கழிந்தால் நூற்றுக்கு 2½ கடமை. அலமாரிக்கும் தராசுக்கும் இல்லை. விற்கும் சரக்குக்கு உண்டு. எண்ணித்தான் கொடுக்க வேண்டும்.

கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா அத்தியாயம் (2: 282), அதற்குச் சற்று முன்பே (2: 280) இயலாதவனுக்கு அவகாசம் தரச் சொல்கிறது, விட்டுக்கொடுப்பது இன்னும் மேல் என்கிறது. நம் கடையைக் கண்டதும் தெருவின் மறுபக்கம் ஒதுங்கிப் போகிறவர் ஒருவர் இருப்பார். நமக்குக் கிடைத்த கை அவருக்குக் கிடைக்காமல் போயிருக்கலாம். வசதியுள்ளவரிடம் கேட்டு வாங்குவோம். இல்லாதவருக்குத் தவணை தருவோம். நமக்கு அன்று கடன் தந்தவரின் மக்கள் இன்று எப்படி இருக்கிறார்கள் என்றும் விசாரிப்போம்.

நிறைவிலும் குறைவிலும் நன்றி மறவாதவர்களாக வல்ல நாயன் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.