மலையினின்று வீழ்தல்

மலையினின்று வீழ்வதையும் தீயிற் பாய்வதையும் அறமெனக் கொள்ளுதல் உலக மூடம் என்கிறது சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம். இக்காலத்தில் மலையினின்று வீழ்வார் யார் என்பீர்கள்.

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் கூப்பர்ஸ் ஹில் என்னும் செங்குத்துச் சரிவில் வட்டமான பாலாடைக்கட்டி ஒன்றை உருட்டிவிட்டு, அதன் பின்னே பலர் விழுந்தெழுந்து ஓடுகின்றனர். 1826-லேயே இவ்வழக்கத்துக்கு எழுத்துச் சான்று உண்டு. பரிசு அக்கட்டியே. எலும்பு முறிந்து திரும்புவோரும் உளர். 2023-இல் பெண்கள் போட்டியில் வென்றவர் நினைவிழந்த நிலையில் எல்லையைக் கடந்தார். தம் வெற்றியை மருத்துவக் கூடாரத்தில்தான் அறிந்தார்.

இவர்கள் புண்ணியம் வேண்டி வீழ்பவரல்லர். ஆதலின் மூடமென ஒரு சொல்லில் தள்ள என்னால் இயலவில்லை. மலையடியில் உள்ளூர் இளைஞர் தாங்கிப் பிடிக்கின்றனர்; கூட்டம் ஆர்ப்பரிக்கிறது; அயலானும் அக்கணம் ஊரானாகிறான். அக்கணத்திற்காகவே உடலைப் பணயம் வைக்கின்றனர். மானம் என்னும் கஷாயமும் உடன் உருள்கிறது.

நாம் நகைப்பதற்கில்லை. இளமையில் தசலட்சண நாட்களில் காய்ச்சலை மறைத்து உபவாசத்தை நீட்டினேன். பாரணையன்று ஊரார் புகழ்வர் என்னும் ஆவலே காரணம். ஜினாலய வாயிலில் மயங்கி விழுந்து கண் விழித்தபோது, நான் முதலில் நோக்கியது அருகப் பெருமானின் திருவுருவை அன்று; சூழ நின்றோர் எத்தனை பேர் என்றே.