நாவை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. அங்குள்ள மின்னணு ஆலைகள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அந்தச் சோற்றோடு ஷிப்ட் வேலையும் குலைந்த உறக்கமும் ஓயாத பதற்றமும் வீட்டுக்குள் வந்தன.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், வயதுவந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஒருவருக்கு இந்நோய் என்றதும், ‘வாயைக் கட்டவில்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். உணவுக்கும் உடல் எடைக்கும் மரபுக்கும் இதில் பெரும் பங்குண்டு. ஆனால் மன உளைச்சலுக்கும் பங்குண்டு என்பதைப் பேச மறுக்கிறோம்.

கணையத்தில் சிதறிக் கிடக்கும் சிறு திட்டுகளை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் விவரித்தார். அங்குள்ள பீட்டா செல்களே இன்சுலினைச் சுரக்கின்றன. அச்சமோ சினமோ எழும்போது அட்ரினலினும் நார்அட்ரினலினும் அந்தச் செல்களைப் பற்றிக்கொண்டு இன்சுலின் சுரப்பை அடக்குகின்றன. கல்லீரல் தன் இருப்பிலுள்ள சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. ஓடித் தப்பவோ எதிர்த்து நிற்கவோ உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆபத்து விலகினால் அடங்கிவிடும்.

கடனும் ஏச்சும் உறக்கமின்மையும் விலகுவதில்லை. கார்ட்டிசால் நெடுநாள் மிகுந்திருந்தால் கல்லீரல் புதிது புதிதாகச் சர்க்கரை செய்கிறது. தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை. ஈடுகட்ட பீட்டா செல்கள் கூடுதலாக உழைக்கின்றன. தாங்கும் திறன் குறைந்தவர்களிடம் அவை தளர்ந்துவிடுகின்றன. ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோர் பலருக்குச் சர்க்கரை ஏறுவதும் ஏறத்தாழ இவ்வழியில்தான்.

ஆகவே மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் தவறக்கூடாது. அவற்றோடு அமைதியையும் ஒரு கடமையாகக் கொள்ள வேண்டும். நாள்தோறும் நடங்கள். உழைக்கும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் முழுதாக உறங்கும்வரை கடன் பேச்சைத் தள்ளிவையுங்கள். ஆலையில் மேற்பார்வை செய்பவர் குரலைத் தாழ்த்தட்டும். ஷிப்ட் அட்டவணை போடுபவர் உறக்கத்துக்கும் நேரம் ஒதுக்கட்டும்.

நோயாளி தன் நாவை அடக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அவரைச் சுடுகின்ற நம் நாவை அடக்கிய பிறகே அந்த உரிமை. ஒருவருடைய நிம்மதியை நாள்தோறும் குலைப்பவர் அவருடைய உடலையும் வருத்துகிறார். அதற்கு அவர் பொறுப்பேற்றே ஆக வேண்டும்.