மன உறுதி என்னும் புதிய சாமி

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பாரதக்கூத்து நடக்கும் திரௌபதி அம்மன் கோவில்களில் தீ மிதிப்பார்கள். கால் சுடாமல் கரையேறியவரை அம்மன் காத்தாள் என்பது நம்பிக்கை. திராவிடர் கழகத்தார் கடவுள் இல்லை என்று முழங்கியபடியே தீக்குழியில் இறங்கி நடந்து காட்டினார்கள். கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். பாதம் அதில் படுவதோ கண நேரம். விஷயம் அவ்வளவுதான்.

அம்மனை இறக்கிய பீடத்தில் இப்போது இன்னொரு சாமியை ஏற்றியிருக்கிறோம். அதன் பெயர் மன உறுதி. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வரும் இளைஞன் ஒரு வாரம்கூட ஓடிப் பழகாமல் பெங்களூரில் நடக்கும் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கிறான். 21.1 கிலோமீட்டர். "மனசு வெச்சா முடியும் மச்சான்" என்று தட்டிக்கொடுக்க நாலு பேர் இருக்கிறார்கள்.

முடிக்கவும் செய்யலாம். இளம் உடம்பு நிறையத் தாங்கும். பாதித் தூரம் நடந்தே கடக்கலாம். ஆனால் பலித்த வேண்டுதல்தான் ஊர் சுற்றும். பலிக்காதது வீட்டோடு கிடக்கும். முடித்தவர் பதக்கத்தோடு படம் போடுகிறார். முழங்கால் வீங்கி வழியில் உட்கார்ந்தவர் போடுவதில்லை. ஜெயித்தவர்களை மட்டும் எண்ணுவது பகுத்தறிவு ஆகாது.

பயமுறுத்துவதும் ஆகாது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய ஏறத்தாழ 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு மட்டுமே இதயத் துடிப்பு திடீரென நின்றது. காரணம் கண்டறியப்பட்டவர்களில் பலருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்தது. ஓட்டம் கொலைகாரன் அல்ல. லண்டன் மாரத்தானுக்காக முதன்முறையாக ஓடப் பழகிய 138 பேரை ஆராய்ந்தபோது, ஆறு மாத மிதமான பயிற்சியில் அவர்களின் ரத்தக்குழாய்கள் சுமார் நான்கு வயது இளமையானது தெரிந்தது. நன்மை செய்தது அந்த ஆறு மாதம்.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகும். தசைநாணும் எலும்பும் பலப்பட மாதங்கள் ஆகும். பழகாத தசையை அளவுக்கு மீறி வதைத்தால் அது சிதைந்து, அதிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தையே முடக்கலாம். மன உறுதி இவற்றில் எதையும் வளர்த்துத் தராது. வலி என்னும் எச்சரிக்கையை அடக்கிவைக்க மட்டும் அதற்குத் தெரியும்.

லைனில் ஒரு பேரிங் உடைந்தால் பேரிங்குக்கு மன உறுதி போதவில்லை என்று ஓசூரில் எவரும் அறிக்கை எழுதுவதில்லை. எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு சுமை, எண்ணெய் விட்டார்களா என்று கேட்கிறார்கள். மனிதன் விழுந்தால் மட்டும் ஏன் அவன் மனசைக் குற்றம் சொல்கிறோம்?

2024-இல் ஜார்க்கண்டில் கலால் காவலர் வேலைக்கு ஆண்கள் 60 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றார்கள். அந்தத் தேர்வின்போது பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அரசு சில நாள் தேர்வை நிறுத்திவைத்தது. வேலைக்காக ஓடிய அந்தப் பிள்ளைகளுக்கா மன உறுதி குறைவு?

பயிற்சிக்கு வேண்டியது நேரம், தூக்கம், வயிற்றுக்குச் சோறு. இந்த வாரம் பகல் ஷிப்டு, அடுத்த வாரம் இரவு ஷிப்டு, மேலே ஓவர்டைம், பிறகு கம்பெனி பஸ்ஸில் நெடும் பயணம் என்று வாழும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இதில் எது இருக்கிறது? நேரம் இல்லாதவனைச் சோம்பேறி என்பதற்குத்தான் மன உறுதிச் சாமி பயன்படுகிறது. முன்பு தலைவிதி செய்த வேலையை இப்போது இது செய்கிறது.

எட்டு மணி நேர வேலையைக் கேட்டுப் பிறந்த மே நாளை 1923-இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடினார். நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததால் அந்த மே நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. இளைஞன் ஓடவும் உறங்கவும் தேவையான மணித்துளிகள் அப்படித்தான் காக்கப்பட்டன.

ஆரோக்கிய ஓட்டம் நடத்திப் பனியனும் பதக்கமும் தரும் நிர்வாகங்கள், முதலில் நிலையான ஷிப்டைத் தரட்டும். ஓட ஆசைப்படும் தம்பி, ஆறு மாதம் எடுத்துக்கொள். அந்த ஆறு மாதத்தை வேலை உனக்கு விட்டுவைக்கவில்லை என்றால், உன் மன உறுதியை முழங்காலை உடைத்துக்கொள்வதில் வீணாக்காதே. எட்டு மணி நேர வேலையைக் கேட்பதில் காட்டு.